வீட்டில் தங்கியவனின் இடம்

காயல்பட்டினத்துப் பிள்ளைகளுக்குக் கால்பந்தாட்டம் இரவல் வாங்கிய பழக்கமன்று. பிறந்த வீட்டுப் பழக்கம். மௌலானா அபுல் கலாம் ஆசாத் பெயரால் இங்கே நடைபெறும் அகில இந்தியப் போட்டியின் நாட்களைக் கணக்கிட்டு, வெளிநாட்டில் பிழைப்போர் தம் விடுப்பை அமைத்துக்கொண்டு வந்த காலத்தை நான் கண்டிருக்கிறேன். அஸர் தொழுகை முடிந்ததும் பந்தின் ஓசை கேட்கத் தொடங்கும். மஃரிபுக்கு பாங்கு சொல்லும் வரை ஓயாது. அந்த ஓசை 2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் இறுதியில் நின்றது. ஐந்து மாதங்களுக்கு மேல் எங்கள் சிறுவர் திடலில் புல்தான் வளர்ந்தது. ஆடுகளும் அதனை மேய வந்தன; விரட்டுவதற்கு ஆளில்லை.

கொள்ளைநோய்க் காலத்தில் விளையாட்டை நிறுத்துவது எளிது. ஓர் ஆணை போதும். நிறுத்தியதை மீண்டும் தொடங்குவதில்தான் எத்தனையோ நுட்பங்கள் இருந்தன. அவற்றுள் சில மருத்துவரிடம் கேட்டு அறியக்கூடியவை. சில நூல்களில் கிடைப்பவை. ஒன்று மட்டும் எந்த நூலிலும் இல்லாமல், ஒரு தாயின் வாயிலிருந்து எங்களுக்குக் கிடைத்தது. அதை வாசக அன்பர்களிடம் சொல்லவே இதை எழுதுகிறேன்.

நான் ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன். எனக்குத் தம்பி முறையாகும் ஒருவர் மாலைதோறும் பிள்ளைகளுக்குப் பந்து பழக்குகிறார். பதினொன்று முதல் பதினைந்து வயது வரை 24 பிள்ளைகள். வருகைப் பதிவேட்டைப் பேணுவதும், கட்டணம் கட்ட இயலாதவர் யார் என்பதை வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்வதும் என் வேலை. பந்தைத் தொட்டு நாற்பதாண்டு ஆயிற்று.

2020 மே 16ஆம் நாள் ஜெர்மானியத் தொடர் மீண்டும் தொடங்கியது. ஐரோப்பாவின் பெரிய கால்பந்துத் தொடர்களுள் முதலில் கதவு திறந்தது அதுதான். டார்ட்மண்ட் அணியும் ஷால்கே அணியும் ஆடிய ஆட்டத்தை எங்கள் பிள்ளைகள் அவரவர் வீட்டில் கைப்பேசியில் கண்டார்கள். எண்பதாயிரம் பேர் கொள்ளும் அரங்கில் ஒரு குருவி கூட இல்லை. ஹாலண்ட் முதல் கோலை அடித்தபோது தோழர்கள் அவரைக் கட்டித் தழுவவில்லை. எட்ட நின்றே மகிழ்ந்தனர். நான்கு கோல் வித்தியாசத்தில் டார்ட்மண்ட் வென்றது. மறுநாள் காலையிலேயே என் தொலைபேசி ஒலித்தது. "அவங்க ஆடுறாங்களே பெரியப்பா, நாம ஏன் ஆடக் கூடாது?" என்று கேட்டான் ஒரு பையன்.

நியாயமான கேள்விதான். ஆனால் அந்த ஆட்டக்காரர்களை ஆட்டத்துக்கு முன்பே தனி விடுதியில் தங்கவைத்திருந்தார்கள். மீண்டும் மீண்டும் தொற்றுப் பரிசோதனை செய்தார்கள். அவ்வாண்டு நவம்பர் 20ஆம் நாள் கோவாவில் தொடங்கிய இந்தியன் சூப்பர் லீக் போட்டிகளும் அப்படித்தான் நடந்தன. அணிகள் யாவும் ஒரே மாநிலத்தில் அடைக்கப்பட்டு, பார்வையாளர் இன்றி ஆடின. எங்கள் பிள்ளைகளுக்கு விடுதி ஏது? மஃரிபு பாங்கு சொன்னதும் அவர்கள் வீட்டுக்குத்தான் போவார்கள். அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதே எங்கள் ஊரைப் பொறுத்தவரை முதல் கேள்வி.

எங்கள் ஊர் வழக்கம் அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே திருமணமானபின் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். பிள்ளைகள் தாயின் பிறந்தகத்திலேயே வளர்கின்றன. ஆதலால் ஒவ்வொரு பையனும் தன் உம்மாவைப் பெற்ற பாட்டனார் பாட்டியாரோடு ஒரே கூரையின் கீழ் இருக்கிறான். வாப்பா ஹாங்காங்கிலோ துபாயிலோ இருப்பார். பாட்டனாருக்கு நீரிழிவு, பாட்டியாருக்கு இரத்த அழுத்தம். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு ஒரு நாள் சளியோடு போய்விடக்கூடிய நோய், அதே வீட்டின் உள்ளறையில் படுத்திருப்பவருக்கு மூச்சையே நிறுத்திவிடக்கூடியதாக இருந்தது. பந்தாடும் பிள்ளைக்கு ஆபத்து குறைவு, குறைவு என்று பலரும் சொன்னார்கள். அது மெய்யே. ஆனால் நாங்கள் அஞ்சியது பந்தாடாதவர்களுக்காக.

பார்வையாளர் இன்றி விளையாட்டுப் பயிற்சிக்குத் திடல்களைத் திறக்கலாம் என்ற தமிழக அரசின் அறிவிப்பு 2020 செப்டம்பர் 1ஆம் நாளிலிருந்து நடைமுறைக்கு வந்தது. பள்ளிவாசல்களும் அன்றுதான் எங்கும் பொதுவாகத் திறந்தன. அதற்கு முந்திய வாரமே பக்கத்து ஊர்ப் பயிற்சி நிலையம் ஒன்று சிறுவர்களை அழைத்துவிட்டது. அவர்கள் செய்த முன்னேற்பாடு ஒரே ஒரு தாள்: 'என் பிள்ளைக்கு நோய் வந்தால் நிலையம் பொறுப்பல்ல' என்று பெற்றோர் ஒப்பமிட வேண்டும். அந்தத் தாளைப் பார்த்தபோது எனக்குச் சினம் வந்தது. பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் தாள் நிலையத்தைக் காக்கும், பிள்ளையைக் காக்குமா? பிள்ளையின் பாட்டியைக் காக்குமா?

நாங்கள் பெற்றோரை அழைத்தோம். வேப்பமரத்தடியில் இரண்டு கஜ இடைவெளியில் நாற்காலிகளைப் போட்டு, வந்தவர்களை உட்காரவைத்தோம். தாய்மார்கள் தத்தம் வீடுகளிலிருந்து தொலைபேசி வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். முகக்கவசம், கை கழுவுதல், தண்ணீர் என்று தம்பி ஒவ்வொன்றாக விளக்கி முடித்ததும் ஒரு தாயின் குரல் வந்தது.

"எல்லாம் சரி, காக்கா. என் மவனுக்குக் காய்ச்சல்னு நான் உண்மையைச் சொல்லிப் பதினாலு நாள் வீட்டிலே வச்சிருந்தா, டீம்லே அவன் எடம் போயிருமா?"

கூட்டத்தில் யாரும் வாய் திறக்கவில்லை. எல்லாருடைய மனத்திலும் இருந்த கேள்வி அது என்பது அந்த அமைதியிலேயே தெரிந்தது. தொற்று கண்ட வீட்டின் வாசலில் தகரம் அடித்து மறித்த நாட்கள் அல்லவா அவை? தெருவே அந்த வீட்டைத் திரும்பிப் பார்த்தது. காய்ச்சலை மறைப்பதற்கு ஏற்கெனவே ஆயிரம் காரணங்கள் இருந்தன. அணியில் இடம் போய்விடும் என்ற காரணமும் சேர்ந்தால், பதின்மூன்று வயதுப் பையன் மாத்திரை ஒன்றை விழுங்கிவிட்டு ஓடி வருவான். வெப்பமானி அவனைக் காட்டிக்கொடுக்காது.

அந்தக் கேள்விக்கு விடையாகத்தான் என் பதிவேட்டில் ஒரு புதிய எழுத்து வந்தது. அதுவரை 'வ' என்றால் வந்தான், 'இ' என்றால் இல்லை. இனிமேல் 'வீ' என்று ஒன்று: வீட்டில் தங்கினான். உடல்நலம் காரணமாகவோ, வீட்டார் ஒருவரின் உடல்நலம் காரணமாகவோ முன்கூட்டிச் சொல்லி வீட்டில் தங்குபவனுக்கு அந்த எழுத்து. கணக்கில் அது வருகையாகவே கொள்ளப்படும். அணித் தேர்வு நாளில் அவன் 'வீ' ஆக இருந்தால், அவன் திரும்பிய பின் அவனுக்கெனத் தனியே தேர்வு நடக்கும். யாருக்கு என்ன நோய் என்பது ஏட்டில் எழுதப்படாது, கேட்கப்படவும் மாட்டாது. தம்பி இதற்கு உடனே ஒப்புக்கொண்டார். எனக்கு வியப்பு அதுதான். ஆட்டம் பழக்குபவர்கள் பொதுவாக வருகையில் கண்டிப்பானவர்கள். காய்ச்சலோடு வந்து ஆடியவனை வீரன் என்று புகழ்ந்து வளர்ந்த தலைமுறை எங்களுடையது.

முதல் நாள் பிள்ளைகள் வந்து நின்ற கோலத்தைச் சொல்லாமல் போக இயலவில்லை. மார்ச்சில் என் தோளளவு இருந்தவன் என் காதளவு நின்றான். ஒன்பது பேருக்குக் காலணி நுழையவில்லை! பந்தாட்டக் காலணி விலை மலிவானதா? வருவாய் நின்றுபோன வீடுகளில் அதைக் கேட்கவும் பிள்ளைகள் கூசினார்கள். மூத்தவனின் காலணி இளையவனுக்கு என்று வீடுவீடாக மாற்றிக் கொடுத்ததில் என் முதல் வாரம் கழிந்தது. இறுகிய காலணியோடு ஓடுவதைவிட முதல் இரண்டு வாரம் சாதாரணக் காலணியோடு மெல்ல ஓடுவதே மேல் என்றார் தம்பி.

உயரம் வேகமாக ஏறும் பருவத்தில் எலும்பு முந்திக்கொள்கிறது; தசையும் தசைநாணும் பின்தங்கி இழுபடுகின்றன. குதிகாலில் வலி, முழங்காலுக்குக் கீழே புடைத்து வலித்தல் ஆகியவை இந்த வயதில் இயல்பாகவே தோன்றும். அதோடு ஐந்து மாதம் திண்ணையிலும் கைப்பேசியிலும் கிடந்த உடம்பு. செப்டம்பர் வெயிலோ எங்கள் கடற்கரையில் கொடிது. வெக்கைக்கு உடம்பு மீண்டும் பழகப் பத்து நாளிலிருந்து இரண்டு வாரம் பிடிக்கும். உலகத்தின் பேரணிகளே இதற்கு அஞ்சின. ஆட்ட விதிகளை வகுக்கும் பன்னாட்டு மன்றம் 2020 மே மாதத்தில் மூன்று மாற்றாட்டக்காரர்களுக்குப் பதிலாக ஐவரை இறக்கலாம் என்று இசைந்தது எதனால்? நெருக்கடியான கால அட்டவணையில் ஆட்டக்காரர்களின் உடம்பு தாங்காது என்பதனால்தானே? ஊதியம் பெறும் வீரர்களுக்கே அந்தச் சலுகை என்றால், முறுக்கும் சமோசாவும் தின்று ஐந்து மாதம் கழித்த எங்கள் பிள்ளைகளுக்கு எத்தனை பொறுமை வேண்டும்! நோய்த்தொற்றைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த பெற்றோர் பலர் இந்தப் பக்கத்தை நினைக்கவே இல்லை.

ஆகவே வாரம் மூன்று நாட்களே பயிற்சி. முதல் இரண்டு வாரம் நடையும் மெல்லோட்டமும். அவரவர் பந்தை அவரவர் காலில் பழகுதல். கோல் கம்பங்களைச் சாய்த்தே வைத்திருந்தோம். நிமிர்த்தினால் பிள்ளைகளின் கால் அடங்காது. மூன்றாம் வாரத்திலிருந்து தங்கள் குழுவுக்குள் பந்தைக் கைமாற்றுதல். அக்டோபரில்தான் மூவருக்கு மூவர் என்று சிறு ஆட்டம். முழு ஆட்டத்துக்கு நவம்பர் ஆயிற்று. ஓடும்போது முகக்கவசம் அணிவிக்கவில்லை. விளையாட்டிலும் உடற்பயிற்சியிலும் ஈடுபடும் குழந்தைகள் அதனை அணிய வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமும் யூனிசெப்பும் ஆகஸ்டு மாதத்திலேயே கூறியிருந்தன. நின்றபின் அணிய வேண்டும். நானும் தம்பியும் எப்போதும் அணிந்திருந்தோம்.

இருபத்துநால்வரையும் ஆறு ஆறு பேராக நான்கு குழுவாக்கித் திடலின் நான்கு மூலைகளில் நிறுத்தினோம். ஒரே தெருவினர், உறவினர், ஒன்றாய் மிதிவண்டியில் வருவோர் ஆகியோரை ஒரு குழுவில் சேர்த்ததுதான் இதில் சூட்சுமம். திறமைக்கேற்பப் பிரித்திருந்தால் ஒவ்வொரு பையனும் இரண்டு கூட்டத்தோடு கலந்திருப்பான். குழு மாறக் கூடாது. ஒரு குழுவில் ஒருவன் வீட்டில் நோய் கண்டால் அந்த அறுவர் மட்டும் வீட்டில் இருப்பார்கள், பதினெண்மர் ஆடுவார்கள்.

ஆட்டத்தைவிட ஆட்டத்தின் ஓரங்கள்தான் எங்களுக்கு வேலை கொடுத்தன. திடலின் மூலையில் பல்லாண்டாக இருந்த மண்பானையையும் சங்கிலியில் கட்டிய குவளையையும் எடுத்துவிட்டோம். அந்தக் குவளையில் நானும் சிறுவயதில் குடித்திருக்கிறேன். எடுக்கும்போது மனம் கேட்கவில்லை. இரு அணிகளை வேறுபடுத்த ஒருவர் கழற்றி ஒருவர் மாட்டும் வண்ண மேற்சட்டைகளைப் பெட்டியில் பூட்டினோம். வெள்ளைச் சட்டை ஒன்று, வண்ணச் சட்டை ஒன்று என்று வீட்டிலிருந்தே எடுத்து வரச் சொன்னோம். முஸாபஹா இல்லை, நெஞ்சில் கை வைத்து ஸலாம். ஒரே இருசக்கர வண்டியில் நான்கு பேர் தொற்றிக்கொண்டு வருவதை நிறுத்தப் பட்ட பாடு தனிக் கதை. மழை வந்தால் சாமான் கொட்டகைக்குள் ஓடி ஒண்டும் வழக்கத்தைத்தான் நான் மிகவும் அஞ்சினேன். திறந்த வெளியில் காற்று எங்கள் பக்கம். எட்டடிக் கொட்டகைக்குள் இருபது பேர் மூச்சு வாங்கி நின்றால் காற்று யார் பக்கம்? "மழை வந்தா நனைஞ்சுக்கிட்டே வீட்டுக்குப் போங்க" என்று கட்டளை இட்டோம். பிள்ளைகளுக்கு இதைவிட இனிய கட்டளை கிடைத்ததில்லை. உம்மாமார் சிலர் என்னிடம் சண்டைக்கு வந்தார்கள்.

பந்துகளை மருந்து நீரால் துடைத்தோம். அன்று உலகமே எல்லாவற்றையும் துடைத்துக்கொண்டிருந்தது. தொட்ட பொருளால் பரவுவது அரிது, மூச்சுக் காற்றாலேயே இந்நோய் மிகுதியாகப் பரவுகிறது என்பது 2021இல் தெளிவாகிவிட்டது. கையை நீட்டிச் சுடும் வெப்பமானியும் பெரிய காவலன் அல்லன். வெயிலில் மிதிவண்டி மிதித்து வந்தவனைக் காய்ச்சல்காரன் என்னும். அறிகுறியின்றி நோய் தாங்கி வந்தவனை நலமுள்ளவன் என்னும். சிவப்பு எண் காட்டிய பிள்ளைகளை வேப்ப நிழலில் பத்து நிமிடம் உட்காரவைத்து மறுபடி பார்ப்பேன். அக்கருவியால் ஒரு நன்மை இருந்தது: அதை நெற்றிக்கு நேரே பிடிக்கும் அந்த நொடியில், "வீட்டிலே எல்லாரும் சுகமா?" என்று கேட்க முடிந்தது. கருவி சொல்லாததைப் பிள்ளையின் முகம் சொல்லும்.

ஒரு முழு ஆட்டத்தில் ஓர் ஆட்டக்காரர் பிறரோடு ஒன்றரை மீட்டருக்குள் இருக்கும் நேரம் எவ்வளவு என்று டென்மார்க்கின் ஆர்ஹஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் கணக்கிட்டார்கள். சராசரியாக ஏறத்தாழ ஒன்றரை நிமிடம்! தொண்ணூறு நிமிட ஆட்டத்தில் அவ்வளவே. இதைப் படித்தபோது திடலின் சுற்றுச்சுவரைத் திரும்பிப் பார்த்தேன். மாமாமார், சாச்சாமார், ஓய்வு பெற்ற முன்னாள் வீரர்கள் எல்லாரும் தோளோடு தோள் உரசி, முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கி, ஒரு மணி நேரமாக உரத்த குரலில் ஆட்டத்தை நடத்திக்கொண்டிருந்தார்கள். தேநீர் வேறு. விளையாட்டில் அல்ல, வேடிக்கையில்தான் நெருக்கம் இருந்தது. சிறுவர்களைக் கட்டுப்படுத்த எங்களுக்கு ஒரு வாரம் போதுமாயிருந்தது. சுவரோரத்துப் பெரியவர்களைக் கலைக்க ஜமாஅத்தாரை இரண்டு முறை வரவழைக்க நேர்ந்தது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். இத்தனை ஏற்பாடும் ஆண்பிள்ளைகளுக்காக. முற்றத்துச் சுவருக்குள் தம்பியோடு பந்து உதைக்கும் பெண்பிள்ளைகளும் எங்கள் வீடுகளில் உண்டு. திடல் மூடியதால் அவர்கள் இழந்ததும் இல்லை. திறந்ததால் பெற்றதும் இல்லை. பதினேழு வயதுக்குட்பட்ட மகளிருக்கான உலகக் கோப்பை 2020இல் நம் நாட்டில் நடக்க வேண்டியது. நோயால் தள்ளிப்போய்க் கைவிடப்பட்டு, 2022 அக்டோபரில்தான் இங்கே நடந்தது. இடையில் வயது கடந்துபோன பெண்களை யார் எண்ணிப் பார்த்தார்கள்?

நவம்பரில் 'வீ' என்ற எழுத்துக்குச் சோதனை வந்தது.

சனவரியில் பக்கத்து ஊர்களோடு சிறிய அளவில் ஆடுவதென்று பேச்சு. அதற்கான அணியைத் தெரிவு செய்ய ஒரு ஞாயிறு மாலை குறித்திருந்தோம். எங்கள் கோல் காப்பாளன் பதினான்கு வயதுப் பையன். இரண்டாண்டாக அந்த இடம் அவனுடையது. சனிக்கிழமை இரவு அவனே அழைத்தான். "பெரியப்பா, எங்க வூட்டுலே பெரியவங்களுக்கு இருமல் நிக்கலே. நான் நாளைக்கு வரலே. எனக்கு 'வீ' போட்டுருங்க." குரல் உடைந்தது. அவனுக்கு ஒரு நோவும் இல்லை. வந்திருந்தால் எவரும் அறிந்திருக்க மாட்டார்.

செவ்வாயன்று பாட்டனாருக்குத் தொற்று என்று உறுதியாயிற்று, புதனன்று பையனுக்கும். அவனுக்கு ஒரு நாள் உடல்வலி, நான்கு நாள் வாசனை தெரியாமை, அவ்வளவே. பாட்டனாரைத் திருநெல்வேலிக்குக் கொண்டுசென்று உயிர்வளி வைத்தார்கள். பதினொரு நாள். அந்தப் பதினொரு நாளும் நான் அந்த வீட்டுத் தெருவைக் கடக்கும்போது நிமிர்ந்து பார்க்கவில்லை. அல்லாஹ்வின் அருளால் அவர் வீடு திரும்பினார். அவன் குழுவின் ஏனைய ஐவர் வீடுகளிலும் ஒருவருக்கும் நோய் காணவில்லை. நாங்கள் செய்த ஏற்பாட்டினால்தான் அப்படி என்று சத்தியம் செய்ய மாட்டேன். அந்த ஐவரில் இருவர் வீட்டில் எழுபதைக் கடந்தவர்கள் இருந்தார்கள் என்பதை மட்டும் சொல்வேன்.

ஞாயிறன்று அவன் இடத்தில் நின்ற பையன் மிக நன்றாகப் பிடித்தான். மூன்று பாய்ச்சல், மூன்றும் அழகு. அவன் வாப்பா வெளிநாட்டிலிருந்து எனக்கு அழைப்பு விடுத்தார். "நல்லாப் பிடிச்ச புள்ளையை எப்படி வெளியே உக்கார வைப்பீங்க, காக்கா? வராத புள்ளைக்கு எடத்தைக் காத்து வைக்கிறது என்ன நியாயம்?"

அவர் கேட்டதில் தவறில்லை. தன் பிள்ளை உழைத்ததைத்தான் கேட்டார். நான் சொன்னேன்: "தம்பி, அந்தப் புள்ளை எடத்தை இன்னைக்கு நாங்க எடுத்துட்டா, நாளைக்கு உங்க புள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் அவன் சொல்ல மாட்டான். உங்க மாமனாருக்கு வயசு என்ன?" மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "எழுபத்திமூணு" என்றார். இருவரும் ஆளுக்கொரு பாதி ஆடுவதென்று முடிவாயிற்று. அது யாருக்கும் முழு நிறைவைத் தரவில்லை.

காப்பாளன் திரும்பியதும் உடனே கோலுக்கு முன் நிற்கவில்லை. அறிகுறி தொடங்கியதிலிருந்து குறைந்தது பத்து நாள் ஓய்வு. அதில் ஏழு நாளாவது மருந்தின்றி நோவின்றிக் கழிந்திருக்க வேண்டும். அதன்பின் ஒரு வாரத்துக்குக் குறையாமல் படிப்படியாக ஏற வேண்டும் என்று 2020இல் பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவ இதழில் வல்லுநர்கள் எழுதிய முறையை எங்கள் ஊர் மருத்துவர் எடுத்துக் காட்டினார். அது வளர்ந்த ஆட்டக்காரர்களுக்கு எழுதப்பட்டது. பிள்ளைக்கு இன்னும் தாராளமாக நாள் கொடுப்போம் என்றார். காரணம் இதயம். இந்நோய்க்குப் பின் இதயத் தசை வீங்குவது பிள்ளைகளிடம் அரிதே. ஆயினும் வீங்கிய இதயத்தோடு கடுமையாக ஓடுவது உயிருக்கு உலை. நெஞ்சு வலி, வழக்கத்தை மீறிய மூச்சுத் திணறல், படபடப்பு, மயக்கம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரிடம் செல்ல வேண்டும். நோய் நீங்கி இரண்டிலிருந்து ஆறு வாரத்துக்குள் மீண்டும் காய்ச்சல், வயிற்று வலி, உடலில் தடிப்பு, கண் சிவத்தல் ஆகியவை சேர்ந்து வந்தால் தாமதிக்கவே கூடாது என்றும் தாயிடம் அவர் சொன்னார். முதல் நாள் பதினைந்து நிமிட நடை. பிறகு மெல்லோட்டம். பிறகு பந்தைப் பிடித்தல்; கடைசியில்தான் பாய்ச்சல். நடையின்போது அவனோடு நானும் திடலைச் சுற்றி வந்தேன். வாய் ஓயாமல் பேசினான். தேர்வு நாளைப் பற்றி மட்டும் ஒரு சொல் இல்லை.

சனவரி ஆட்டங்கள் நடக்கவில்லை. அந்த மாதத்தின் நடுவில் தென் மாவட்டங்களைப் புரட்டிய பெருமழையில் திடல் குளமாயிற்று. நீர் வடிந்து ஆடத் தொடங்கிய சில வாரங்களில் இரண்டாம் அலை எழுந்தது. 2021 மே 10ஆம் நாள் முழு ஊரடங்கு. திடலை நாங்களே ஏப்ரலில் மூடிவிட்டோம். அந்த அலையில் சுவரோரம் நின்றவர்களுள் இருவர் போய்விட்டார்கள். ஒருவர் என் பள்ளித் தோழர். பந்து எங்கே போகும் என்பதைப் பந்துக்கு முன்பே சொல்லக் கூடியவர்.

பதினைந்து வயது நிரம்பியவர்களுக்குத் தடுப்பூசி 2022 சனவரி 3ஆம் நாளும், பன்னிரண்டு நிரம்பியவர்களுக்கு மார்ச்சு 16ஆம் நாளும் தொடங்கின. ஆறு பேர் குழு அதோடு கலைந்தது. வெப்பமானி என் மேசை அறைக்குள் மின்கலம் செத்துக் கிடக்கிறது. பானை திரும்பி வரவில்லை. பிள்ளைகள் தத்தம் குப்பியிலேயே குடிக்கிறார்கள், அது நல்லதே. சுவரோரக் கூட்டம் முன்னைவிடப் பெருகியிருக்கிறது.

'வீ' மட்டும் ஏட்டில் நிலைத்துவிட்டது. சளிக்காய்ச்சல், கண்வலி, அம்மை என்று இன்றும் பிள்ளைகள் முதல் நாள் இரவே அழைத்துச் சொல்கிறார்கள். சென்ற மழைக்காலத்து ஏட்டில் ஒரு பையனின் 'வீ'க்குப் பக்கத்தில் 'சின்னம்மை' என்று பென்சிலால் எழுதியிருந்தது. திரும்பி வந்த மகிழ்ச்சியில் அவனே எழுதியிருக்கிறான். காரணம் எழுதும் வழக்கம் இங்கே இல்லை என்று அவனிடம் சொல்லி, அவன் கையாலேயே அதனை அழிக்கச் சொன்னேன்.